பழைய கிராமத்து வீட்டை அமைதியாகத் தங்கும் இடமாக மீட்டெடுத்தல்: எங்கிருந்து தொடங்குவது?

அமைதிநாடி:

அனைவருக்கும் வணக்கம். கிராமப்புறத்தில் உள்ள பழைய வீடொன்று என் பொறுப்பில் வந்திருக்கிறது. கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், கைமரங்களின் மேல் ஓடு வேய்ந்த கூரை, ஒரே தளம். பல ஆண்டுகளாக அதில் யாரும் குடியிருக்கவில்லை. அதை நிரந்தரக் குடியிருப்பாக மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அவ்வப்போது சில நாட்கள் சென்று தங்கிப் படிக்கவும், எழுதவும், பேச்சுக் குறைத்து இருக்கவும் ஏற்ற இடமாக அதை ஆக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

பார்வையிட்ட ஒப்பந்தக்காரர், பழைய பூச்சு முழுவதையும் உரித்துவிட்டுச் சிமெண்ட் பூசவும், ஓட்டுக் கூரையைக் கழற்றிக் காங்கிரீட் தளம் போடவும், மரச் சன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியச் சன்னல்கள் பொருத்தவும் சொன்னார். அவர் சொன்னபடி செய்தால் வீடு உறுதியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் எந்தக் காரணத்துக்காக நான் அந்த வீட்டை விரும்பினேனோ அது அங்கே மிஞ்சாது என்ற அச்சமும் இருக்கிறது. எதைத் தொட வேண்டும், எதை விட வேண்டும், எந்த வரிசையில் வேலையை எடுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழஞ்சுவர்:

பூச்சு, சன்னல், தரை எதையும் பற்றி இப்போது முடிவு செய்யாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். பழைய வீடுகள் வயதால் விழுவதில்லை. தண்ணீர் போக வேண்டிய வழியில் போகாததால்தான் பெரும்பாலும் விழுகின்றன. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். உங்கள் கூரையின் பரப்பு 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் மழையில் 5,000 லிட்டர் நீர் அந்தக் கூரையிலிருந்து இறங்கியாக வேண்டும். அது சுவரின் காலடியிலேயே விழுந்து, அங்கேயே ஊறினால், மேலே என்ன பூசினாலும் பயன் இல்லை.

ஆகவே மழை பெய்யும்போது அங்கே போய் நின்று பாருங்கள். வெயில் நாளில் கண்ணுக்குப் படாத பல விஷயங்கள் அப்போது தெரியும். எந்த ஓடு நழுவியிருக்கிறது, முகட்டு ஓட்டின் சாந்து எங்கே விட்டிருக்கிறது, இறவாணத்து நீர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது, விழுந்த நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத வீடுகளில் இன்னொன்றும் நடந்திருக்கும்: ஆண்டுதோறும் சருகும் மண்ணும் சுவரோரம் சேர்ந்து, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிட்டிருக்கும். அந்த மண்ணை வெட்டி எடுத்து, நிலத்தைச் சுவரிலிருந்து விலகிச் சரியுமாறு அமைப்பது மிக எளிய வேலை. அதற்குப் பிறகு உள்சுவரில் ஏறியிருக்கும் ஓதம் தானாகவே குறைவதைப் பெரும்பாலான வீடுகளில் பார்க்கலாம். ஆனால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒருபோதும் தோண்டக் கூடாது. பழைய வீடுகளின் அஸ்திவாரம் நாம் நினைப்பதைவிட ஆழம் குறைந்ததாக இருக்கும்.

அதன்பின், முடிந்தால் மழைக்காலமும் வறண்ட காலமும் ஒரு முழுச் சுற்று வரும்வரை வீட்டைக் கவனியுங்கள். விரிசல்களின் குறுக்கே பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள், அல்லது மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் ஒட்டிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். நகராத விரிசல் பழைய தழும்புதான். அதை அடைத்தால் போதும்.

கட்டமைப்பாளர்:

பழஞ்சுவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் 'ஒரு சுற்றுக் காத்திருங்கள்' என்பதைச் சிலர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதாகப் புரிந்துகொள்கிறார்கள், அது ஆபத்தானது. ஒழுகும் கூரை காத்திருக்காது. இப்போதைக்குத் தார்ப்பாயைக் கட்டியாவது மூடுங்கள். சாயும் சுவர், தொங்கும் உத்திரம், உதிரும் வளைவு ஆகியவற்றுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நடமாட வேண்டும். பழைய மின்கம்பிகளை மொத்தமாகத் துண்டித்துவிடுங்கள்.

கூரை மரத்தைச் சோதிக்கும்போது நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். உத்திரமும் கைமரமும் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள்தாம் முதலில் கெடும், ஏனென்றால் சுவரின் ஈரத்தை அவைதான் வாங்குகின்றன. மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் அழுகல் பூஞ்சைக்கு இடம் கிடைக்கும். அதற்குக் கீழே இருக்கும் மரம் தலைமுறைகளைக் கடந்தும் நிற்கும். ஈரமானி சிறிய கருவிதான். கடனாகவாவது வாங்கி, ஒவ்வொரு முனையிலும் அளந்து எழுதிவையுங்கள். கருவி இல்லையென்றால் கூரிய ஆணியால் குத்திப் பாருங்கள்: எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது.

சுவரில் மரம் செடி முளைத்திருந்தால் பிடுங்கி எடுக்க வேண்டாம். வேர் பிடித்திருக்கும் கற்களும் கூடவே வரும். அடியில் வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்து, பிறகு கவனமாக எடுத்து அந்த இடத்தை அடைக்க வேண்டும்.

அமைதிநாடி:

மிக்க நன்றி. மண் சேர்ந்திருப்பது உண்மை. ஒரு பக்கம் வாசற்படியின் பாதி உயரம் வரை ஏறியிருக்கிறது. ஒரு கேள்வி. சிமெண்ட் சுண்ணாம்பைவிடப் பலமானது என்பது ஒப்பந்தக்காரரின் வாதம். பலமானதைப் பூசினால் வீட்டுக்கு நல்லதுதானே என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சுதைக்காரர்:

அந்த வாதத்துக்குப் பதில் இதுதான்: பழைய சுவருக்குப் பூச்சிடமிருந்து பலம் தேவையில்லை, விட்டுக்கொடுக்கும் தன்மைதான் தேவை.

கல்லும் மண்ணும் கொண்ட தடித்த சுவர் எப்போதும் சிறிதளவு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். நிலத்திலிருந்து ஏறும், மழையில் நனையும், உள்ளே இருப்பவர்களின் மூச்சிலிருந்தும் அடுப்பிலிருந்தும் சேரும். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் ஈரத்தைத் தடுக்க முயலவில்லை. வந்த ஈரம் பூச்சின் வழியாக ஆவியாகிப் போகும்படி விட்டார்கள். மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை என்பதால் அது நடந்தது. இன்று நாம் சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824ஆம் ஆண்டில்தான். கிராமப்புறங்களில் அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அதற்கு முன் எழுந்த சுவர்கள் எல்லாம் சிமெண்ட் இல்லாமலே நிற்பதற்காகக் கட்டப்பட்டவை.

அப்படிப்பட்ட சுவரின் மேல் அடர்த்தியான சிமெண்டைப் பூசினால் மூன்று தீங்குகள் அடுத்தடுத்து வருகின்றன. சுவர் சிறிது அசைந்தாலும் இறுகிய பூச்சு அசையாமல் மயிரிழை போல விரிகிறது. அந்த விரிசலில் மழைநீர் உள்ளே போகிறது. போன நீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே தேங்குகிறது. தேங்கிய ஈரம் மேலே ஏறிப் பூச்சு முடியும் இடத்தில் வெளிப்பட, அதில் கரைந்திருந்த உப்பு அங்கே படிகமாகி, கல்லின் முகத்தையே உள்ளிருந்து உதிர்க்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பூச்சு அழகாகவே இருக்கும்; தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும்; உரித்தால் பின்னாலிருக்கும் மண்சாந்து சேறாகிக் கிடக்கும். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது பழுதுபார்ப்பின் அடிப்படை. தேய வேண்டியிருந்தால் சாந்துதான் தேய வேண்டும், ஏனென்றால் அதை மறுபடி நிரப்ப முடியும். தேய்ந்த கல்லை மறுபடி வளர்க்க முடியாது.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீரில் நீற்றி, சாந்தாக்கிப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. இந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நடப்பதால், ஒரே தடவையில் தடிமனாகப் பூசக் கூடாது. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் போதுமான அளவு இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நேரடி வெயிலும் வறண்ட காற்றும் படாமல் நனைத்த சாக்குத்துணியால் மூடி, நாள்தோறும் லேசாக ஈரம் காட்ட வேண்டும். 5 பாகைக்குக் கீழே குளிரும் நாட்களில் இந்த வேலையே கூடாது. நீற்றும்போது வெப்பம் கடுமையாக எழும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகே விடாதீர்கள்.

மண்சுவராகவே இருக்கும் பகுதிகளுக்கு மண் பூச்சே முதல் தேர்வு. மேலே அடிக்கும் வண்ணத்திலும் கவனம் வேண்டும்: சுவாசிக்கும் பூச்சின் மேல் பிளாஸ்டிக் வகை எமல்ஷனை அடித்தால் பட்ட பாடு வீண். சுண்ணாம்பு வெள்ளையே போதும். அது ஒளியை மென்மையாகத் திருப்பித் தருவதால், நீங்கள் தேடும் அமைதிக்கும் அதுவே பொருத்தம்.

கட்டமைப்பாளர்:

சுவாசிக்கும் சுவர் பற்றி மறுப்பில்லை. ஆனால் சிமெண்டையே பகையாக்கிவிட வேண்டாம். புதிதாகச் சேர்க்கும் குளியலறைக்கோ, தனியே நிற்கும் நீர்த்தொட்டிக்கோ அது தகுந்த பொருள்தான். பழைய உடலின் மேல் அதைத் திணிப்பதுதான் தவறு.

காங்கிரீட் கூரை பற்றி ஒரு கணக்கைச் சொல்கிறேன், ஒப்பந்தக்காரரிடம் காட்டுங்கள். கம்பி கட்டிய காங்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ எடை. வெறும் 10 சென்டிமீட்டர் தடிமனில் போட்டாலும் சதுர மீட்டருக்கு 250 கிலோ. 100 சதுர மீட்டர் கூரைக்கு 25 டன். மண்சாந்தில் நிற்கும் சுவர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அந்தப் பாரத்தைச் சுமந்ததில்லை. நிலநடுக்கம் வரக்கூடிய பகுதியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: குலுங்கும்போது தலைக்கு மேலுள்ள எடை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு விசை சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே தேவைப்படுவது கூரையின் எடையைக் கூட்டுவதல்ல. நான்கு சுவர்களையும் மேல்மட்டத்தில் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டும் மரச்சட்டமோ இரும்புக் கம்பிகளோதான். இதை மட்டும் உள்ளூர்க் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். எழுத்தில் அறிவுரை பெற்றுச் செய்யும் வேலை அல்ல.

தச்சர்மகள்:

சன்னல்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய சன்னல்கள் பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தில் செய்தவை. அந்தத் தரத்தில் இன்று மரம் கிடைப்பது அரிது. கீழ்ச்சட்டமும் அதன் மூலைகளும் மட்டுமே பொதுவாக இற்றிருக்கும். இற்ற பகுதியை நல்ல மரம் வரும்வரை சாய்வாக வெட்டி, அதே இன மரத்துண்டை இழையோட்டம் பார்த்து இணைத்தால் சன்னல் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். உத்திரத்தின் கெட்ட முனைகளுக்கும் இதே முறைதான்; ஒரு முனை போனதற்காக முழு மரத்தையும் எறிய வேண்டியதில்லை.

மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் துளைகளைக் கண்டதும் பதற வேண்டாம். அவை வண்டுகள் வெளியேறிய துளைகள். என்றோ வெளியேறியும் இருக்கலாம். கீழே கறுப்புத் தாளை விரித்துச் சில வாரங்கள் விட்டுப் பாருங்கள். புதிய மாவு விழுந்தால் மட்டுமே உள்ளே உயிர் இருக்கிறது. சில வண்டினங்கள் மரத்தின் வெளிப்புற மென்பகுதியான வெளிறை மட்டுமே தின்னும், உள்ளே முதிர்ந்த வைரப்பகுதியைத் தொடுவதில்லை. கரையான் வேறு: சுவரில் மண்குழாய் ஏறியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். போராக்ஸ் வகை உப்புக் கரைசல் மரத்துக்குள் ஊறிப் பாதுகாக்கும். ஆனால் ஈரம் தொடர்ந்து படும் இடத்தில் அது கரைந்து வெளியேறிவிடும் என்பதால், முதலில் ஒழுகலை நிறுத்தியாக வேண்டும்.

பழைய சாயத்தை உலர்வாகத் தேய்த்து எடுக்காதீர்கள். 1970களுக்கு முந்தைய பல சாயங்களில் ஈயம் உண்டு. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. ஈரமாக்கிச் சுரண்டி, சுரண்டலைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கொட்டகைக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு போட்டிருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம்.

ஒரு கருத்தும் உண்டு. நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்காக 1964இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டெடுப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் புதிது என்று அடையாளம் தெரியவும் வேண்டும் என்கிறது. உங்களுடையது நினைவுச்சின்னம் அல்ல. ஆயினும் இந்த இரண்டும் சிறிய வீட்டுக்கும் பொருந்தும் என்பது என் துணிபு. இல்லாத செதுக்கல்களைப் 'பழமையாக' இருக்கட்டும் என்று செய்து ஒட்டுவதைவிட, எளிய புதுப் பலகையை எளிமையாகவே வைப்பது நேர்மையானது.

செவிநுட்பம்:

அமைதியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. வீட்டை மீட்பதன் நோக்கமே அதுதானே.

உங்கள் சுவர்கள் ஏற்கெனவே சிறந்த ஒலித்தடுப்பு. ஒரு தடுப்பின் எடை இருமடங்கானால் அதைக் கடக்கும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது பொது விதி. தடித்த கற்சுவர் இதில் எதையும் வெல்லும். ஒலி வருவது சுவர் வழியாக அல்ல, இடைவெளிகள் வழியாக. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், மீதிச் சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெல் அளவைத் தாண்டாது. எனவே அலுமினியச் சன்னலுக்குச் செலவழிக்கும் முன், இருக்கும் சன்னலின் கதவுகள் சட்டத்தில் சரியாக அமர்கின்றனவா, கதவின் அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சாலை ஒலி இன்னும் தொல்லை தந்தால், பழைய சன்னலை அப்படியே விட்டு உட்புறத்தில் 10 சென்டிமீட்டர் அளவு இடைவெளி விட்டு இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வையுங்கள். சுவரின் தடிமன் அதற்கு இடம் தரும்.

வெளியொலியைவிட அதிகம் கெடுப்பது நாமே உள்ளே கொண்டுவரும் ஒலி. குளிர்பதனப் பெட்டி, நீரேற்றி, மின்கலத்தின் விசிறி ஆகியவை பகலில் காதில் விழாது. நாட்டுப்புறத்து இரவில் அவை மட்டுமே கேட்கும். அவற்றைப் படுக்கும் அறையின் சுவரோடு சேர்க்காமல், முடிந்தால் தனிக் கொட்டகையில், ரப்பர் அடுக்கின் மேல் வையுங்கள்.

மூன்றாவது, எதிரொலி. வெறுமையான அறையில் நாற்காலியை நகர்த்தினாலும் முழங்கும். அறையின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்பதை அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1890களில் ஒரு விரிவுரை அரங்கில் இருக்கை மெத்தைகளை அடுக்கிப் பார்த்தே கண்டுபிடித்தார். பாய், கனத்த துணித் திரை, புத்தக அடுக்கு ஆகியவை போதும். தரைமுழுதும் பளபளப்பான ஓடு பதித்தால் நீங்கள் தேடும் அமைதியை நீங்களே குலைத்தவர் ஆவீர்கள்.

பழஞ்சுவர்:

செவிநுட்பம் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை: இடைவெளிகளை அடைக்கும் ஆர்வத்தில் காற்றோட்டத்தையும் அடைத்துவிட வேண்டாம். கூரையடியிலும் சுவரின் மேல்மட்டத்திலும் உள்ள காற்றுத் துளைகள் ஈரத்தை வெளியேற்றுபவை. சன்னலை இறுக்குங்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

கட்டமைப்பாளர்:

வசதிகள் பற்றிச் சுருக்கமாக. குளியலறையையும் கழிப்பறையையும் பழைய சுவர்களுக்குள் திணிக்காமல், ஒட்டியோ சற்றுத் தள்ளியோ தனியாகக் கட்டுங்கள். குழாய் உடைந்தாலும் பழைய வீடு நனையாது. மின்கம்பியைச் சுவரை வெட்டிப் பதிக்காமல் வெளியே தெரியும் குழாயில் கொண்டுசெல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவு மின்தடுப்பானும் முறையான புவித்தொடர்பும் (எர்த்) கட்டாயம். விறகோ எரிவாயுவோ எரிக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் வையுங்கள். தனியாகத் தூங்கும் வீட்டில் உங்களை எழுப்ப வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இணைய இணைப்பு வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி வேலை செய்யும் இடத்தையாவது வீட்டில் கண்டறிந்து வையுங்கள்.

அமைதிநாடி:

எனக்கு வேண்டிய வரிசை கிடைத்துவிட்டது. இந்த வறண்ட காலத்தில் சுவரோர மண்ணை எடுத்து, நழுவிய ஓடுகளை மாற்றி, உத்திர முனைகளை அளக்கப் போகிறேன். காங்கிரீட் கூரை இல்லை என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன்; சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுகிறேன். வீடு பல வாரங்கள் பூட்டியே கிடக்கும் என்பது ஒரு கவலை. இன்னொன்று, வடக்குச் சுவரின் அடிப்பகுதியில் முன்பு யாரோ இடுப்பளவு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதை எடுத்துவிடலாமா?

பழஞ்சுவர்:

பூட்டிய வீட்டுக்கு இரண்டு தேவை: காற்றும் கண்ணும். எதிரெதிர்ச் சுவர்களில் வலையடித்த சிறு திறப்புகள் எப்போதும் திறந்திருக்கட்டும். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். புறப்படும்போது நீர்க்குழாயின் தலைவாயை மூடுங்கள். அருகில் வசிக்கும் ஒருவருக்குச் சாவியும் உரிய ஊதியமும் கொடுத்து, பெருமழைக்குப் பிறகு ஒருமுறை உள்ளே சென்று பார்க்கச் சொல்லுங்கள். நழுவிய ஒற்றை ஓட்டை அடுத்த நாளே கண்டால் அது சில நிமிட வேலை. ஒரு மழைக்காலம் கழித்துக் கண்டால் உத்திரத்தையே மாற்ற வேண்டிவரும்.

சுதைக்காரர்:

அந்தச் சிமெண்டை முழுவதும் உரிக்க உடனே ஆள் வைக்காதீர்கள். சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலாக ஒலிக்கும் இடங்கள் தெரியும். அவற்றைச் சுண்ணாம்புக்கட்டியால் குறியிடுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் கையகல இடத்தை உளியால் மெல்ல எடுத்துப் பாருங்கள். எளிதாகப் பிரிந்தால், வறண்ட காலத்தின் தொடக்கத்தில் சிறிது சிறிதாக எடுத்துவிடலாம். கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தால், அங்கே நிறுத்திவிடுங்கள். பொள்ளலான இடங்களை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவை தாமாக இளகும்வரை விடுவதே சுவருக்குக் குறைந்த சேதம். எடுத்த இடத்தில் உடனே எதையும் பூச வேண்டாம். தடித்த சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். நீரால் கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உப்புப் பூப்பது நின்ற பிறகு முதல் அடுக்குச் சுண்ணாம்பைப் பூசலாம்.